சரிவுப் பாதையா, சமையலறையா?

என் தம்பி செந்திலுக்கு ஐஸ் என்றால் தெரிந்தது சேமியா ஐஸும் பால் ஐஸும்தான். சங்கரன்கோவில் பக்கத்து வெயிலில் வளர்ந்தவன். வேலைக்காக ஓஸ்லோவுக்குப் போன இரண்டாவது குளிர்காலத்தில், காலில் இரண்டு நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு பனிமலையிலிருந்து சறுக்கினான். மலை நன்றாகத்தான் இருந்தது. இவன் கால்தான் இரண்டு இடத்தில் உடைந்தது. மனைவி கவிதா பிரசவத்துக்குச் சென்னைக்கு வந்திருந்தாள். ஆக, அவனுக்குச் சோறு பொங்கிப் போட நான் விமானம் ஏறினேன்.

நான் எங்கள் நகராட்சியில் கவுன்சிலர். சுயேச்சை, சின்னம் இஸ்திரிப் பெட்டி. கிளம்பும்போது மன்றத்தில் எதிர்வரிசைக்காரர் ஒருவர், "மேடம், அங்க சாக்கடை எப்படி ஓடுதுன்னு பார்த்துட்டு வாங்க" என்று கிண்டலாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதைத்தான் பார்க்கப் போகிறேன் என்று எனக்கு அப்போதே தெரியும்.

செந்திலின் வீடு ஓஸ்லோவில் ரொம்சோஸ் என்ற பகுதிக்கு அடுத்தாற்போல, மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிய ஒரு குடியிருப்பில் இருந்தது. போன மறுநாள் காலையில் கீழே பெரிய சத்தம். ஜன்னலைத் திறந்தால், ஒரு வண்டி தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கப் போட்ட சரளை மணலை, பனி உருகியதும் திரும்ப வாரி எடுக்கிறார்களாம். போட்ட மணலைத் திரும்ப எடுக்கிற நிர்வாகத்தை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினேன்.

"அக்கா, ரோட்டைக் குனிஞ்சு குனிஞ்சு பார்க்காத" என்று செந்தில் மேலிருந்து கத்தினான். "சாவி தொலைஞ்சு போச்சான்னு கேப்பாங்க."

அவன் சொல்லி வாய் மூடவில்லை. நாயோடு வந்த ஒரு பெரியவர் நின்று, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "டிரெய்னேஜ், வெரி குட்" என்றேன். அவர் வடிகால் மூடியை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல மாட்டேன். வீடுகளிலிருந்து கீழே கடைகளும் ரயில் நிலையமும் இருக்கிற சதுக்கத்துக்கு இறங்கப் படிக்கட்டு இருந்தது. அதன் பக்கத்திலேயே சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் ஒரு சரிவுப் பாதை. அந்தப் பாதை உடைந்து கிடந்தது. மண்ணுக்குள் தண்ணீர் உறைந்து, பூமியே வீங்கி, தார் அப்பளம் மாதிரி எழும்பியிருந்தது. இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறத் தடுப்பு. "அட, நம்ம ஊருக்கு வந்துட்டேன்" என்று எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். படிக்கட்டு பக்கத்திலேயே இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் முதல் வாரம் ஒரே திகைப்பு. பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டி. அதை இழைப்புளியில் இழைப்பது போல மெல்லிசாகச் சீவி ரொட்டியில் வைக்கிறார்கள். வாயில் போட்டால் திரட்டுப்பாலில் சர்க்கரைக்குப் பதிலாக யாரோ கைதவறி உப்பைப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. முதல் நாள் துப்பப் பார்த்தேன். நான்காம் நாள் செந்திலுக்குத் தெரியாமல் நின்றுகொண்டே பாதிக் கட்டியைத் தின்றுவிட்டேன்.

தனியாக ஊர் சுற்றலாம் என்று தைரியம் வந்ததும் நகரத்தின் நடுவே போய்க் கடலைப் பார்த்தேன். திரும்பும்போது பஸ் மாறி ஏறிவிட்டேன். குடியிருப்புகள் போய், நெடுஞ்சாலை வந்து, வயல்கூட வந்தது. கடைசியில் ஸ்ட்ரோம்மன் என்ற இடத்தில், ஒரு பெரிய வணிக வளாகத்தின் வாசலில் இறங்கி நின்றேன். செந்திலுக்குப் போன் போட்டு, "ஏல, நான் எங்க நிக்கேன்னு எனக்கே தெரியலடா!" என்று சத்தம் போட்டேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். "நீங்கள் ஸ்ட்ரோம்மனிலை நிக்கிறியள் அக்கா. எங்கை போகவேணும்?"

கை நிறையப் பைகளோடு ஒரு பெண் நின்றிருந்தாள். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும், குட்டை முடி, காலில் ஓட்டப் பயிற்சி ஷூ. தவமணி. யாழ்ப்பாணத்துக்காரி, இங்கு வந்து பாதி வாழ்க்கைக்கு மேல் ஆகிவிட்டது. வீடுவீடாகப் போய் முதியவர்களையும் நோயாளிகளையும் கவனிக்கிற செவிலியர் வேலை. நான் இடத்தைச் சொன்னதும் சிரித்தாள். "நானும் அங்கைதான் இருக்கிறன். வாங்கோ, கெதியா வாங்கோ, பஸ் வரப்போகுது."

கெதியா என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. அவள் ஓடியதைப் பார்த்துத்தான் சீக்கிரம் என்று விளங்கியது. அன்றிலிருந்து எனக்கு அவள் தோழி, பாதி நேரம் புதிர். ஒருநாள் காலையில் போன் செய்து, "என்னக்கா, வெளிக்கிட்டிட்டியளோ?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் வெளிக்குப் போவது என்றால் வேறு காரியம். காலங்காத்தாலே இதையெல்லாமா விசாரிப்பார்கள் என்று விழித்துக்கொண்டு, "ஆச்சு ஆச்சு" என்றேன். கிளம்பிவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறாள். செந்தில் சிரித்த சிரிப்பில் உடைந்த கால் மறுபடி உடைந்திருக்கும்.

தவமணிக்கு ஒரு கனவு இருந்தது. சதுக்கத்தில் குடியிருப்புக்கான பொது மன்றம் ஒன்று உண்டு. நல்ல கூடம், நாற்காலிகள், பெரிய ஜன்னல்கள். ஆனால் சமைக்க வசதியில்லை. காபி போடும் இயந்திரமும் வாஃபிள் சுடும் தட்டும் மட்டும். அங்கே ஒரு சரியான சமையலறை வேண்டும், வாரத்தில் ஒருநாள் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் தவம், எல்லார் வீட்டுலயும்தான் அடுப்பு இருக்கே?"

"அடுப்பு இருக்கக்கா, ஆள்தான் இல்லை. இஞ்சை கனபேர் தனியத்தான் சாப்பிடுகினம். ஒரு துண்டுப் பாண், மேலை ஒரு துண்டுச் சீஸ், முன்னுக்கு டிவி. நான் வேலைக்குப் போற வீடுகளிலை நாளாந்தம் பாக்கிறன். வெள்ளைக்காரர், எங்கட ஆக்கள், சோமாலியர் எண்டு வித்தியாசம் இல்லை." பாண் என்றால் ரொட்டி என்று அதற்குள் எனக்குப் பழகியிருந்தது.

அக்கம்பக்கத்தை மேம்படுத்த நகர நிர்வாகம் ஒவ்வொரு வருடமும் ஒரு தொகை ஒதுக்கும். எதற்குச் செலவழிப்பது என்று குடியிருப்பவர்களே கூட்டத்தில் வாக்களிக்க வேண்டும். இந்த வருடம் கடைசிச் சுற்றுக்கு இரண்டு திட்டங்கள் வந்திருந்தன. ஒன்று தவமணியின் சமையலறை. மற்றது அந்த உடைந்த சரிவுப் பாதை. மண்ணைத் தோண்டி அடியிலிருந்து போட வேண்டிய பெரிய வேலை என்பதால், இரண்டில் ஒன்றுக்குத்தான் நிதி போதும்.

வாக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. "பிரச்சாரம் எப்பம் ஆரம்பிக்கிறோம்?" என்றேன்.

"பிரச்சாரமோ?" என்றாள் தவமணி.

பேசிப் பயனில்லை என்று மறுநாள் நானே தொடங்கினேன். ஒரு பாத்திரம் நிறையப் பருப்பு வடை சுட்டு, தவமணியின் திட்டத்து அறிவிப்புத் தாளை ஒரு கையிலும் வடைப் பாத்திரத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினேன். கதவைத் தட்டுவது, வணக்கம் சொல்வது, "கிச்சன், வோட், வெரி குட்" என்று வடையை நீட்டுவது. ஒரு பாகிஸ்தானி அம்மா என்னை உள்ளே இழுத்து உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். ஒரு நோர்வே இளைஞன் கதவைப் பாதி திறந்து, வடையைப் பார்த்து, இது என்ன சங்கிலி வியாபாரமா என்று கேட்டான். பிறகு இரண்டு எடுத்துக்கொண்டான்.

மூன்றாவது மாடியில் உயரமான ஒரு கிழவர் கதவைத் திறந்தார். பெயர் ஆர்னெ. தாளைப் படித்தார், உள்ளே வரும்படி கை காட்டினார். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் அவர் மனைவி இங்கெர். மடியில் ஒரு தொலைநோக்கி. என்னைப் பார்த்ததும் அந்தம்மாவின் முகம் மலர்ந்தது.

"எனக்கு உங்களைத் தெரியும்" என்றார் ஆங்கிலத்தில். "நீங்கள்தான் வடிகால் மூடிகளைப் பார்க்கிற பெண்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. கோமதி என்று பெயரைச் சொன்னேன். அந்த ஜன்னலிலிருந்து சதுக்கம் முழுவதும் தெரிந்தது. யார் எந்த நிறக் கோட்டு, எந்த நாய் எந்த மரத்தடியில் நிற்கும், எந்தக் குழந்தை பள்ளிக்கு அழுதுகொண்டு போகும் என்பதெல்லாம் இங்கெருக்கு அத்துபடி. "கீழே போய்க் கிட்டத்தில் பார்க்க மாட்டீர்களா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"பாதை உடைந்ததிலிருந்து இறங்கவில்லை" என்றார். லிஃப்ட் வாசல் வரை கொண்டுவிடும். வாசலிலிருந்து சதுக்கத்துக்குப் போகச் சக்கரத்துக்கு அந்தச் சரிவுதான் வழி. இல்லையென்றால் மலையைச் சுற்றி வண்டிகள் ஓடுகிற செங்குத்துச் சாலை. ஆர்னெக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனது, தள்ள முடியாது. "மருத்துவமனைக்கு மட்டும் டாக்சி வரும். ஐஸ்கிரீம் வாங்க டாக்சி அனுப்ப மாட்டார்கள்" என்று சொல்லிச் சிரித்தார். ஆர்னெ சிரிக்கவில்லை. வடையைத் தட்டில் வைத்து, கத்தியால் நான்காக வெட்டிக்கொண்டிருந்தார்.

மீதி மாடிகளுக்கு ஏற எனக்குக் கால் வரவில்லை.

மாலையில் தவமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் வடைக்குத்தான் திட்டு விழுந்தது. "சாப்பாடு குடுத்து வோட்டுக் கேட்டனீங்களோ? ஐயோ அக்கா, இஞ்சை அது ஊழல்! நாளைக்குப் பேப்பரிலை வரும்!" அவள் மகள் அபி, இங்கேயே பிறந்தவள், சட்டம் படிக்கிறாள், சோபாவில் விழுந்து சிரித்தாள். "இல்லையம்மா, அது ஊழல் இல்லை, அது வெறும் குஷலி" என்றாள். குஷலி என்றால் நோர்வே மொழியில் இதமான, வீட்டுத்தனமான ஒன்று என்று பிறகு விளக்கினாள்.

இங்கெரின் பேச்சை எடுத்ததும் தவமணியின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நான் போற வீடுகளைப் பற்றி வெளியிலை கதைக்கேலாதக்கா. ஆற்றையும் பேர் சொல்லேலாது. எனக்குத் தெரியாது எண்டு மட்டும் நினையாதேங்கோ."

அவள் அந்த வீட்டுக்கும் போகிறவள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கூட்டத்தன்று மன்றம் நிறைந்திருந்தது. குழந்தைகள் தரையில் உருண்டார்கள். சோமாலியப் பெண்கள் ஒரு வரிசை, தமிழ்ப் பெண்கள் ஒரு வரிசை, பின்னால் கை கட்டிய நோர்வே ஆண்கள். எனக்குப் பக்கத்தில் அபி உட்கார்ந்து காதில் மொழிபெயர்த்தாள். நகர நிர்வாகத்திலிருந்து வந்த அதிகாரி, ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு இளம்பெண். மேடை இல்லை, மாலை இல்லை, பொன்னாடை இல்லை. நேராகத் திரையைப் போட்டு, போன வருடம் சொன்னவற்றில் செய்தவை என்னென்ன என்று காட்டினாள். விளையாட்டு மைதானத்துக்கு விளக்கு, நூலகத்தைக் கூடுதல் நேரம் திறந்து வைப்பது, மூடிக் கிடந்த ஓடையைத் திறந்துவிட்டது. அடுத்த படத்தில் இன்னும் செய்யாதவை. ஏன் செய்யவில்லை என்பதும் அதிலேயே இருந்தது.

"இதைத் தானாவா சொல்லுது?" என்று அபியிடம் கேட்டேன். "யாரும் கேக்கலையே?"

"கேக்க முதலே சொல்லிட்டால் மீட்டிங் கெதியா முடியும் ஆன்ட்டி" என்றாள் அவள்.

எங்கள் ஊர் நகராட்சி மன்றத்தில் இப்படி ஒரு படம் போட்டால் நாற்காலிகள் பறக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் தவமணி பேசினாள். தாள் எதுவும் பார்க்காமல் பேசினாள். ஒரு வேளைச் சோற்றை நாலு பேரோடு உண்பது மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து என்றாளாம். கூடம் முழுக்கக் கைதட்டியது. எங்கள் வரிசைப் பெண்களுக்கு முகமெல்லாம் வெளிச்சம். நான் மனதுக்குள் கூட்டிக் கழித்து, ஜெயித்துவிட்டோம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்து ஆர்னெ எழுந்தார். பேசத் தெரியாத மனிதர். "பாதை உடைந்திருக்கிறது. என் மனைவி வெளியே வர ஆசைப்படுகிறாள்" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, வராமல், உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் மட்டும் கை தட்டினார்கள்.

பிறகு வாக்கு. சுவரில் இரண்டு பெரிய படங்கள் ஒட்டியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு பச்சை வட்ட ஒட்டி கொடுத்தார்கள், விருப்பமான படத்தின் கீழே ஒட்ட வேண்டும். ஒட்டியைப் பார்த்ததும் தமிழ்ப் பெண்கள் வரிசையில் ஒரே சிரிப்பு. "பொட்டுப் பக்கெற் எல்லோ!" என்று ஒருத்தி அதை நெற்றியில் வைத்துக் காட்டினாள். நான் விருந்தாளி, எனக்குப் பொட்டு இல்லை.

தவமணி விரல் நுனியில் ஒட்டியை வைத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றாள். எங்கள் வரிசை முழுவதும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சமையலறைப் படத்தைக் கடந்து போய், சரிவுப் பாதையின் கீழே தன் பொட்டை ஒட்டினாள்.

"அம்மா!" என்று அபி எழுந்துவிட்டாள்.

"பிறகேன் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனீர்?" என்று ஒரு பெண் கோபமாகக் கேட்டாள். தவமணி ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். எனக்கும் கோபம்தான். வேட்பாளரே மாற்றிக் குத்தினால் ஏஜெண்டுக்கு என்ன மரியாதை? ஆனால் கேட்ட பெண்ணே கொஞ்ச நேரம் தன் பொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்த ஆர்னெயைப் பார்த்தாள். பிறகு அவளும் பாதைப் பக்கம் போனாள். எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. சமையலறைக்கும் நிறையப் பொட்டு விழுந்தது. எண்ணி முடித்தபோது பாதை கொஞ்சத்தில் ஜெயித்தது.

திரும்பும்போது படிக்கட்டில் ஏறிக்கொண்டே கேட்டேன். "பேசினது ஒண்ணு, குத்தினது ஒண்ணு. ஏன் தவம்?"

"பேசினது பொய் இல்லையக்கா. சமையலறை வேணும்தான்." மூச்சு வாங்க நின்றாள். இரவு ஒன்பது மணிக்கும் வெயில் மஞ்சளாக அடித்தது. "ஆனால் ஆரை நினைச்சுக் கேட்டனானோ, அவையாலை அங்கை வரேலாது. பிறகு நான் ஆருக்குச் சமைக்கிறது?"

அவள் பையை வாங்கிக்கொண்டு கூட நடந்தேன்.

கோடையில்தான் அங்கே மண்வேலை செய்ய முடியும் என்பதால் ஆட்கள் சீக்கிரமே வந்தார்கள். தினமும் நான் போய் நின்று பார்த்தேன். எவ்வளவு ஆழம் தோண்டுகிறார்கள், அடியில் என்ன ஜல்லி, தண்ணீர் வடிய எங்கே குழாய் என்று நான் கேட்ட கேள்விகளில், வேலைக்கு வந்த போலந்துக்காரத் தொழிலாளர்கள் எனக்கும் ஒரு மஞ்சள் தலைக்கவசம் கொடுத்துவிட்டார்கள். செந்திலின் கட்டைப் பிரித்ததும் அவன் தடி ஊன்றி நடக்க ஆரம்பித்தான். தவமணி மேல் கோபப்பட்ட பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பப் பேசத் தொடங்கினார்கள். ஒருவர் மட்டும் இன்னும் பேசவில்லை. அடுத்த வருடம் சமையலறையை மறுபடி கேட்க ஒரு குழு அமைத்தார்கள், அதில் ஆர்னெயும் சேர்ந்தார். அவருக்குச் சமைக்கத் தெரியாது, மேசை செய்யத் தெரியும் என்றார்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பாதை திறப்பு. ரப்பர் பூட்ஸ் அதிகாரி வந்திருந்தாள். கீழ் முனையில் இரண்டு கம்பத்துக்கு நடுவே சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டு, கத்தரிக்கோலைப் பைக்குள் தேடிக்கொண்டிருந்தாள். வேலை இல்லாத நாள் என்பதால் தவமணி சேலை கட்டியிருந்தாள். மேல் முனையில் இங்கெரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இங்கெர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "சீருடையைவிட இது உனக்கு நன்றாக இருக்கிறது" என்றார்.

"மெதுவாகப் போவோம்" என்றாள் தவமணி.

பாதி தூரம் மெதுவாகத்தான் வந்தார்கள். திடீரென்று இங்கெர் நோர்வே மொழியில் ஏதோ சொன்னார். தவமணி தலையை ஆட்டி மறுத்தாள். இங்கெர் மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை உரக்க. தவமணி கைகளை எடுத்தாள். நாற்காலி புதுத் தாரில் தானாக உருண்டது. இங்கெர் சக்கரத்தில் கை வைத்துத் திருப்பினார். வேகம் கூடியது. தவமணி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, பிறேக்! பிறேக்!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள். ஆர்னெ படிக்கட்டில் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றார்.

"ரிப்பன்!" என்று அதிகாரி கத்தினாள். இங்கெர் காதிலேயே வாங்கவில்லை. ரிப்பன் மார்பில் பட்டு, முடிச்சவிழ்ந்து, நாற்காலியோடு பறந்தது. எங்கள் ஊரில் சேர்மனுக்கு முன்னால் யாராவது ரிப்பனை அறுத்தால் ஒரு வாரம் கடையடைப்பு நடக்கும். இங்கே அதிகாரி கத்தரிக்கோலைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

இங்கெர் யாருக்காகவும் நிற்கவில்லை. தோளில் சிவப்பு ரிப்பன் ஆட, சதுக்கத்தைக் குறுக்கே கடந்து, நேராகக் கடை வாசலுக்குப் போய்த் திரும்பி, எங்கள் எல்லோரையும் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்ன சொல்றாங்க?" என்று அபியைக் கேட்டேன்.

"யாருக்கு என்ன ஐஸ்கிரீம் வேணும் எண்டு கேக்கிறா, ஆன்ட்டி."